பிரிண்டருக்கும் ஒரு துபாஷி

2003ஆம் வருஷம், ஒரு மாதக் கடைசி. நான் அப்போது ஒரு மாவட்டத் தலைநகரில், ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எங்கள் ஹாலின் நடுவே, இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில், ஒரு லேசர் பிரிண்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் அது ஒன்றுதான். கேபிள் இழுத்து நெட்வொர்க்கில் போட்டிருந்தார்கள். யார் எந்த மேஜையிலிருந்து பிரிண்ட் கொடுத்தாலும் தாள் அங்கேதான் வந்து விழும்.

அன்று காலை எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவின் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். வைக்க வந்த பையன் பிரிண்டருடன் வந்த சிடியைப் போட்டு, நாலு இடத்தில் கிளிக் செய்து, "ரெடி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மத்தியானம் அந்த அம்மா எட்டுப் பக்கப் பட்டியல் ஒன்றைப் பிரிண்டுக்குக் கொடுத்தார். பிரிண்டர் ஓட ஆரம்பித்தது, நிற்கவில்லை. முதல் தாளின் மேல் வரியில் ஒரு சதவீதக் குறி, ஓர் ஆச்சரியக் குறி, அதையொட்டி ஆங்கிலத்தில் பி, எஸ் என்று இரண்டு எழுத்து. அதற்குக் கீழே ஆங்கிலச் சொற்களும் எண்களும் அடைப்புக்குறிகளுமாக ஒரே குப்பை. அடுத்த தாளும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அவர் பதறிப்போய் பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்தார். அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. தாள் தீர்ந்து விளக்கு மினுக்கியதும், எங்கள் அலுவலக உதவியாளர் நல்லெண்ணத்தில் புதுக் கட்டைப் பிரித்து நிரப்பினார். நான் மீட்டிங் முடிந்து திரும்பியபோது ஒரு ரீம் போயிருந்தது.

"என்னம்மா இது?"

"நான் எட்டுப் பக்கம்தான் சார் குடுத்தேன். அதுவா ஓடுது."

"அதுவா எப்படிம்மா ஓடும்?"

மறுநாள் அவருக்கு ஒரு குறிப்பாணை கொடுத்தேன். அலுவலகப் பொருளைக் கவனக்குறைவாக வீணடித்தது குறித்து மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும் என்று. அவரும் அளித்தார். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை, இனி கவனமாக இருக்க எச்சரிக்கப்படுகிறார் என்று எழுதி, அதை அவருடைய பர்சனல் ஃபைலில் சேர்த்தேன்.

ஒரு வாரம் கழித்து சர்வீஸ் என்ஜினியர் வந்தார். இரண்டே நிமிஷம். "டிரைவர் தப்பு சார். இந்த மெஷினுக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாது. போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரைப் போட்டு வச்சிருக்காங்க" என்றார். மாற்றிப் போட்டார், சரியாகிவிட்டது. எனக்கு அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பிரிண்டருக்கு எதற்கு டிரைவர், அது என்ன பஸ்ஸா என்றுதான் தோன்றியது.

போன வருஷம் ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போன இடத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகிறது. பழைய கதை பேசும்போது இதுவும் வந்தது. "அந்த மாசம் பூரா தூக்கமே இல்ல சார். நான் எந்தப் பட்டனைத் தப்பா அழுத்தினேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். "நீங்க எதையும் தப்பா அழுத்தலைம்மா" என்றேன். "அப்ப அது என்னதான் சார்?" என்று கேட்டார்.

அங்கே வரிசையில் நின்றுகொண்டு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். இது பாதிக்கு மேல் மனிதர்களின் கதை.

துபாஷி

கம்ப்யூட்டர் ஒரு பாஷை பேசுகிறது. பிரிண்டர் இன்னொரு பாஷை பேசுகிறது. நடுவில் நின்று இதை அதற்கும் அதை இதற்கும் எடுத்துச் சொல்கிற மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

நம் ஊரில் இந்த வேலைக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஆள் இருந்தார்கள். துபாஷி என்போம், இரண்டு பாஷை தெரிந்தவர். புதுச்சேரியில் துய்ப்ளே துரையிடம் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தார். சென்னையில் பச்சையப்ப முதலியார் இருந்தார். துரைக்குத் தமிழ் தெரியாது, நம்மூர் வியாபாரிக்குத் துரையின் பாஷை தெரியாது. துபாஷி இல்லாமல் ஒரு மூட்டை துணி கைமாறாது. அதனாலேயே துபாஷிக்குச் செல்வாக்கு அதிகம். அவர் தப்பாகச் சொன்னால் இரண்டு பக்கமும் விழிக்க வேண்டியதுதான்.

பிரிண்டர் டிரைவரின் கதையும் ஏறக்குறைய இதேதான். துபாஷியின் பாஷை ரகசியமாக இருந்தபோது என்ன ஆயிற்று, துபாஷிக்கு அதிகாரம் கூடியபோது என்ன ஆயிற்று, கடைசியில் துபாஷி ஏன் வேண்டாம் என்றார்கள்: மூன்றும் இதில் உண்டு.

வலையும் பிரிண்டரும் கூடப் பிறந்தவை

லேசர் பிரிண்டரைக் கண்டுபிடித்தவர் கேரி ஸ்டார்க்வெதர். ஜெராக்ஸ் கம்பெனியின் நியூயார்க் மாநில ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஜெராக்ஸ் மெஷின் இருக்கும் தாளை நகலெடுக்கிறது. கம்ப்யூட்டரில் இருப்பதை லேசர் ஒளியால் நேராகவே அந்த உருளையில் எழுதினால் என்ன என்பது அவருடைய யோசனை. மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டார்க்வெதர் 1971இல் கலிபோர்னியாவில் கம்பெனி புதிதாக ஆரம்பித்திருந்த 'பார்க்' ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய், அந்த வருஷ முடிவுக்குள் மெஷினை ஓட்டிக் காட்டினார். மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டு, மாற்றலில் பிழைத்தவர்கள் நம்மிலும் உண்டு.

அந்த மெஷின் ஒன்று. அதை உபயோகிக்க வேண்டிய கம்ப்யூட்டர்களோ பல. எல்லாவற்றையும் அதனுடன் இணைக்க ஒரு வலை வேண்டியிருந்தது. 1973இல் அதே கட்டடத்தில் ராபர்ட் மெட்காஃபும் கூட இருந்தவர்களும் ஈதர்நெட் என்ற வலையை உருவாக்கியதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, இந்தப் பிரிண்டரைப் பலரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது. இன்று உங்கள் வங்கிக் கிளையிலும் தபால் ஆபீசிலும் ஓடுகிற நீல நிற கேபிள் அந்த ஈதர்நெட்டின் வாரிசுதான். ஆகவே ஹாலுக்கு நடுவில் ஒரு பிரிண்டர், சுற்றிலும் கம்ப்யூட்டர்கள் என்ற ஏற்பாடு பின்னால் வந்த வசதி இல்லை. லேசர் பிரிண்டர் பிறந்த வீட்டிலேயே அப்படித்தான் இருந்தது.

1977இல் ஜெராக்ஸ் இதை 9700 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு விநாடிக்கு 2 பக்கம். ஓர் அறையை அடைக்கிற சைஸ்.

ஒரு தாள் சிக்கியதால் வந்த இயக்கம்

அமெரிக்காவில் எம்ஐடி என்ற பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு, 1980ஐ ஒட்டி, ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அது ஒரு மாடியில், உபயோகிப்பவர்கள் வேறு மாடியில். தாள் அடிக்கடி சிக்கும். மணிக்கணக்கில் காத்திருந்து எடுக்கப் போனால் முதல் பக்கத்திலேயே நின்றிருக்கும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் அங்கே புரோகிராமர். பழைய பிரிண்டரில் இதே தொல்லை இருந்தபோது அவர் அதன் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் உடனே செய்தி வருகிற மாதிரி செய்திருந்தார். யாராவது எழுந்து போய் எடுத்துவிடுவார்கள். புதிய பிரிண்டருக்கும் அப்படியே செய்யலாம் என்று பார்த்தால், அதன் மென்பொருளின் மூலத்தைக் கம்பெனி கொடுக்கவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

ஸ்டால்மனுக்கு அது ஆறாத கோபம். துபாஷி என்ன பேசுகிறார் என்று வீட்டுக்காரனுக்கே தெரியக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? மென்பொருளை உபயோகிப்பவர் அதைப் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை உள்ளவர் என்று சொல்லி, 1983 செப்டம்பரில் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. பிரிண்டர் விஷயத்தில் தனக்கு ஏற்பட்ட அனுபவம் இந்த வழிக்குத் தன்னைத் திருப்பியவற்றில் ஒன்று என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

நம் ஆபீசின் டாட் மேட்ரிக்ஸ் நாட்கள்

நமக்கெல்லாம் முதலில் வந்தது டாட் மேட்ரிக்ஸ். கர்ர் கர்ர் என்று சத்தம், இரண்டு ஓரத்திலும் துளை போட்ட தொடர் தாள், தேய்ந்த ரிப்பன். அதன் பாஷை எளிமையானது. எழுத்துகளை அனுப்பினால் அடித்துக்கொண்டே போகும். நடுவில் 'எஸ்கேப்' என்ற ஒரு குறியை அனுப்பினால், அடுத்து வருவது எழுத்தல்ல, கட்டளை என்று அர்த்தம். ஜப்பானின் எப்ஸன் கம்பெனியின் மெஷினுக்கு எஸ்கேப்புடன் 'ஈ' என்ற எழுத்தை அனுப்பினால் அழுத்தமாக அடிக்கும். எஸ்கேப்புடன் 'எஃப்' அனுப்பினால் அழுத்தத்தை விட்டுவிடும். எப்ஸன் நன்றாக விற்றதால் மற்றவர்களும் அதே கட்டளைகளைப் பின்பற்றினார்கள். ஆனால் எல்லாரும் அல்ல. அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

டாஸ் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தனியாக ஒரு துபாஷியை வைத்திருந்தது. வேர்ட்ஸ்டாருக்கு ஒன்று, லோட்டஸுக்கு ஒன்று. புதிதாக ஒரு பிரிண்டர் வாங்கினால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே அறிமுகப்படுத்த வேண்டும். கடிதம் ஒழுங்காக வரும், சம்பளப் பட்டியல் கோணலாக வரும். வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற மென்பொருள் அமெரிக்காவில் அவ்வளவு விற்றதற்கு ஒரு காரணம், ஏராளமான பிரிண்டர்களுக்கு டிரைவர் எழுதி வைத்திருந்ததுதான்.

விண்டோஸ் வந்து, அதுவும் 1990இல் வந்த 3.0க்குப் பிறகு, இந்த நிலை மாறியது. ஒரு பிரிண்டருக்கு ஒரு டிரைவர் போட்டால் போதும், எல்லா மென்பொருளும் அதையே உபயோகிக்கலாம். பெரிய சௌகரியம். ஆனால் அந்த ஒரு துபாஷி கெட்டால் எல்லாருக்கும் வாய் அடைத்துப் போகும் என்பது அதன் மறுபக்கம்.

இரண்டு பாஷைகள், ஒரு ரீம்

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

1984இல் ஹெச்பி கம்பெனி லேசர்ஜெட் என்ற மேஜை லேசர் பிரிண்டரைக் கொண்டுவந்தது. விலை 3,495 டாலர். உள்ளே இருந்த இயந்திரம் ஜப்பானின் கேனன் செய்தது. அது பேசிய பாஷை ஹெச்பியின் சொந்த பாஷை, பிசிஎல். டாட் மேட்ரிக்ஸ் மாதிரியே எஸ்கேப் கட்டளைகளால் ஆனது.

மறு வருஷம், 1985இல், ஆப்பிள் கம்பெனி லேசர்ரைட்டரைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது அதே கேனன் இயந்திரம். விலையோ ஏறக்குறைய இரட்டிப்பு, 6,995 டாலர். காரணம் அது பேசிய பாஷை: போஸ்ட்ஸ்கிரிப்ட். ஜெராக்ஸின் பார்க் நிலையத்தில் இருந்த ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்ற இருவர், தாங்கள் அங்கே உருவாக்கிய பக்க விவரிப்பு மொழியைக் கம்பெனி வெளியே விடாமல் வைத்திருந்ததால் மனம் சலித்து விலகி, 1982இல் அடோபி என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததுதான் போஸ்ட்ஸ்கிரிப்ட்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் வெறும் கட்டளை வரிசை அல்ல, அது ஒரு முழு நிரல்மொழி. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை கோடு போடு, இந்த எழுத்தை இவ்வளவு பெரிதாக்கு, இதை இத்தனை தடவை திரும்பச் செய் என்று எழுதியிருக்கும். பிரிண்டர் அதைப் படித்து, கணக்குப் போட்டு, பக்கத்தை வரைய வேண்டும். அதற்காகப் பிரிண்டருக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். லேசர்ரைட்டருக்குள் இருந்த சில்லு, அதனுடன் இணைத்த மெக்கின்டாஷில் இருந்ததைவிட வேகமானது.

இந்த இரண்டு பாஷைகளும் ஆபீஸ்களில் அடுத்தடுத்துக் குடியிருந்தன. நடுத்தர விலை மெஷின்கள் பலவற்றில் பிசிஎல் மட்டும் இருக்கும்; போஸ்ட்ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டித் தனிப் பாகம் வாங்கிப் பொருத்த வேண்டும். ஆனால் கூடவே வருகிற சிடியில் இரண்டு டிரைவர்களும் இருக்கும். பெயரும் ஏறக்குறைய ஒன்றேதான். கடைசியில் பிசிஎல் என்றோ பிஎஸ் என்றோ இருப்பதுதான் வித்தியாசம்.

எங்கள் ஹாலில் நடந்தது இதுதான். பையன் பிஎஸ் டிரைவரைப் போட்டுவிட்டான். டிரைவர் அந்த எட்டுப் பக்கப் பட்டியலை அருமையான போஸ்ட்ஸ்கிரிப்டில் மொழிபெயர்த்து அனுப்பியது. போஸ்ட்ஸ்கிரிப்டில் எழுதுகிற எதுவும் சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, பி, எஸ் என்றுதான் தொடங்கும். பிள்ளையார் சுழி மாதிரி. எங்கள் பிரிண்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரியாத பாஷை என்று சொல்லி நிறுத்தவும் அதற்குத் தெரியாது. வந்ததெல்லாம் அடிக்க வேண்டிய எழுத்துதான் என்று எண்ணி, கட்டளைகளையே வரி வரியாக அடித்துத் தள்ளியது. எட்டுப் பக்கத்துக்கான கட்டளைகள் நூற்றுக்கணக்கான பக்கம் போகும்.

ஆஃப் செய்து ஆன் செய்தபோது ஏன் மறுபடி ஆரம்பித்தது? கம்ப்யூட்டர் அச்சு வேலையை நேராக அனுப்பிவிடுவதில்லை. ஸ்பூலர் என்ற ஒரு பகுதி அதை வாங்கி, டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும். முழுக்க அனுப்பி முடியாமல் பிரிண்டர் அணைந்துவிட்டால், திரும்ப வந்ததும் முதலிலிருந்து கொடுக்கும். நம் தபால்காரர் வீடு பூட்டியிருந்தால் மறுநாள் மறுபடி வருவது போல. நிறுத்த வேண்டியது பிரிண்டரை அல்ல. கம்ப்யூட்டரில் வரிசையில் நிற்கிற வேலையை நீக்க வேண்டும். அதை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் தெரியாது.

தமிழ் எழுத்தும் பட்ட பாடு

துபாஷியால் தமிழுக்கும் தனிக் கஷ்டம் இருந்தது. யூனிகோட் பரவுவதற்கு முன் நாம் உபயோகித்த தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்தியிருப்பது தமிழ்ச் சட்டை. திரையில் அழகாகத் தெரியும். டிரைவர் அந்த எழுத்துருவைப் பிரிண்டருக்குச் சேர்த்து அனுப்பாமல், பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துருவை உபயோகித்துக்கொள் என்று சொல்லிவிட்டால், சட்டை கழன்றுவிடும். தாளில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். 'தமிழ் அடிக்க மாட்டேன் என்கிறது' என்று மெஷினைத் திட்டுவோம்.

1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடையும் டேஸ்-16ஐயும் ஏற்று ஆணை வந்தது. யூனிகோடில் தமிழ் எழுத்துக்குத் தமிழ் எழுத்தின் இடமே உண்டு. அதற்குப் பிறகு இந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது.

விலாசம் மாறிய பிரிண்டர்

நெட்வொர்க் பிரிண்டரில் எல்லாக் குற்றமும் டிரைவருடையது அல்ல. 1990களில் ஹெச்பியின் ஜெட்டைரக்ட் போன்ற அட்டைகள் வந்து, பிரிண்டர் எந்தக் கம்ப்யூட்டரின் முதுகிலும் தொங்காமல் தானே வலையில் ஓர் உறுப்பினர் ஆனது. அதற்கென்று ஓர் எண் விலாசம் கிடைத்தது. பல இடங்களில் அந்த விலாசத்தை வலையே தானாக ஒதுக்கும். கரண்ட் போய் வந்தால் வேறு விலாசம் ஒதுக்கப்படலாம். கம்ப்யூட்டரோ பழைய விலாசத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். 'ஆஃப்லைன்' என்று காட்டும். பிரிண்டர் எதிரிலேயே பச்சை விளக்குடன் உட்கார்ந்திருக்கும்.

அனுபவமுள்ள என்ஜினியர்கள் வைத்திருக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் பிரிண்டரின் பட்டனிலிருந்தே ஒரு சோதனைத் தாள் எடுப்பார்கள். அது வந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. அந்தத் தாளில் விலாசமும் இருக்கும். கம்ப்யூட்டரில் உள்ள விலாசமும் அதுவும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். அடுத்து ஸ்பூலரில் ஏதாவது வேலை அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்து, ஸ்பூலரை நிறுத்தி, ஃபோல்டரைக் காலி செய்து, மறுபடி தொடங்குவார்கள். கடைசியில்தான் டிரைவரை எடுத்துவிட்டு வேறு போடுவார்கள். நாமெல்லாம் கடைசியை முதலில் செய்வோம். அல்லது பிரிண்டரைத் தட்டுவோம்.

ஆபீஸ் லேசர் பிரிண்டர்கள் அடித்துத் தரும் அந்தத் தாளில் இன்னொரு விவரமும் இருப்பது வழக்கம்: இந்த மெஷினுக்கு என்னென்ன பாஷைகள் தெரியும் என்ற பட்டியல். 2003இல் அந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்திருந்தால் 500 தாளும் மிஞ்சியிருக்கும், ஒரு குறிப்பாணையும் மிஞ்சியிருக்கும்.

துபாஷியின் கையில் சாவி

துபாஷிக்கு வேலை கொடுக்கலாம். வீட்டுச் சாவியைக் கொடுக்கலாமா? மைக்ரோசாஃப்ட் ஏறக்குறைய அதைச் செய்தது. 1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0வில் வேகத்துக்காகப் பிரிண்டர் டிரைவர்களை இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே ஓடவிட்டார்கள். எங்கேயோ யாரோ அரைகுறையாக எழுதிய டிரைவர் ஒன்று தடுக்கி விழுந்தால், முழுக் கம்ப்யூட்டரும் நீலத் திரையுடன் நின்றுவிடும். பிறகு புத்தி வந்து, விண்டோஸ் 2000இலிருந்து மெல்ல வெளியே கொண்டுவந்து, விஸ்டாவில் கருவறைக் கதவை அடைத்தார்கள்.

ஆனாலும் ஸ்பூலருக்கு உயர்ந்த அதிகாரம் அப்படியே இருந்தது. 2010இல் வெளிவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ஈரானின் அணுத் திட்ட இயந்திரங்களைக் குறிவைத்தது என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று இந்த ஸ்பூலரில் இருந்த ஓட்டைதான்.

2021இல் இதைவிடப் பெரிய கலவரம். ஜூன் கடைசியில் ஸ்பூலரின் புதிய ஓட்டை ஒன்றை எப்படிப் பயன்படுத்துவது என்ற செய்முறையை ஆராய்ச்சியாளர்கள் கவனக்குறைவாக வெளியிட்டுவிட்டார்கள். 'பிரிண்ட்நைட்மேர்', அதாவது அச்சுக் கெட்டகனவு, என்று பெயர் வந்தது. டிரைவர் போடுகிற சாக்கில் வெளியாள் உள்ளே வந்து முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் ஜூலை 6ஆம் தேதி அவசரத் திருத்தம் அனுப்பியது. ஆகஸ்டில், நிர்வாகி உரிமை உள்ளவர்தான் பிரிண்டர் டிரைவர் போடலாம் என்று கட்டுப்பாடு வந்தது. செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு பல ஆபீஸ்களில் பகிர்ந்துகொண்ட பிரிண்டர்கள் 11பி என்று முடிகிற ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு இணைய மறுத்தன. அந்த வாரங்களில் உலகம் பூராவும் எத்தனை குமாஸ்தாக்கள் "நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு சார்" என்று மேலதிகாரி முன் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் யாரும் எதையும் செய்திருக்கவில்லை.

துபாஷி ஓய்வு பெறுகிறார்

எல்லாரும் ஒரே பாஷை பேசினால் துபாஷி எதற்கு? இந்த யோசனை 1990களின் கடைசியிலேயே இருந்தது. வலை வழியே பிரிண்டருடன் பேசுவதற்கான பொது நெறி ஒன்று, ஐபிபி என்ற பெயரில், 1999இல் வெளியானது. அதே வருஷம் மைக்கேல் ஸ்வீட் என்பவர் எழுதிய கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் அந்த நெறியை அடிப்படையாக வைத்து வந்தது. அது வெளிவந்தது ஸ்டால்மன் எழுதிய க்னூ உரிமத்தின் கீழ். தாள் சிக்கிய கோபத்தில் தொடங்கியது, சுற்றி வந்து பிரிண்டருக்கே உதவியது. லினக்ஸும் ஆப்பிளும் கப்ஸை எடுத்துக்கொண்டன.

2010இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. போனிலிருந்து டிரைவர் எதுவும் போடாமலே அச்சடிக்கலாம். பிரிண்டரே தன் பெயரையும் தனக்கு என்ன தெரியும் என்பதையும் வலையில் சொல்லிவிடும். போன் அதற்கேற்பப் பொதுவான வடிவத்தில் பக்கத்தை அனுப்பும். 2013இல் கேனன், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, மற்ற போன்களுக்கும் இந்த வசதிக்கு வழி செய்தன. பேரன் சோபாவில் படுத்துக்கொண்டே போனிலிருந்து பிரிண்ட் கொடுக்கிறான் என்றால் இதுதான் காரணம். 2023 செப்டம்பரில், தயாரிப்பாளர்கள் தனித்தனியே எழுதும் டிரைவர்களைப் படிப்படியாக நிறுத்திக்கொள்ளப் போவதாக மைக்ரோசாஃப்டும் அறிவித்தது.

பழைய மெஷின்கள் இருக்கும் வரை துபாஷியும் மூலையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் புதிய ஆள் எடுப்பதில்லை.

ஃபைலில் இருக்கும் தாள்

இனி அந்த அம்மாவுக்கு.

நீங்கள் எந்தப் பட்டனையும் தப்பாக அழுத்தவில்லை அம்மா. கலிபோர்னியாவில் இரண்டு கம்பெனிகள் இரண்டு பாஷைகளை உண்டாக்கி, பெயரில் மட்டும் கடைசி எழுத்தை மாற்றி ஒரே சிடியில் போட்டு அனுப்பின. அவசரத்தில் ஒரு பையன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டான். அவனுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எட்டுப் பக்கம்தான் கொடுத்தேன், அதுவாக ஓடுகிறது என்று நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதுவாகத்தான் ஓடியது.

மெஷின் செய்த தப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது, இவ்வளவு நேரம் சொன்னேன். நான் செய்த தப்புக்கு அது சாக்கு ஆகாது. என்ஜினியர் வந்து காரணத்தைச் சொன்ன அன்றே அந்தக் குறிப்பாணையை ரத்து செய்து ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கொடுத்த மெமோவைத் திரும்ப வாங்கினால் கண்காணிப்பாளருக்கு மரியாதை போய்விடும் என்று அப்போது நினைப்பு. அந்தத் தாள் உங்கள் ஃபைலிலேயே இருந்தது, நீங்கள் ஓய்வு பெறும் நாள் வரை.

இப்போது ரத்து செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை. விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.